பழைய கடிகாரம் வாங்கப் போகிறீர்களா?

தங்கம் வாங்கினால் உரைத்துப் பார்க்கிறோம். பட்டுப் புடைவை வாங்கினால் ஜரிகையைப் புரட்டிப் பார்க்கிறோம். முருங்கைக்காயைக்கூட முறுக்கிப் பார்க்காமல் பையில் போடுவதில்லை. அப்பேர்ப்பட்ட நாம், பழைய கைக்கடிகாரம் வாங்கப் போனால் மட்டும், "அடடா, என்ன அழகு!" என்று முகத்தைப் பார்த்தே மயங்கிவிடுகிறோம். கடைக்காரருக்கு வேண்டியதும் அதுதான்!

தினம் சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்களுக்கு இப்போது மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. அப்பா தம் முதல் சம்பளத்தில் வாங்கி, பிறகு எங்கேயோ தொலைத்துவிட்ட அதே ரகக் கடிகாரத்தைத் தேடிப் பிடித்து அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குக் கொடுக்க நினைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தாங்களே கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த வாரம் சில யோசனைகள்.

முதலில் ஒரு தைரியம் சொல்லிவிடுகிறேன். கைக்கடிகாரம் ஆண்பிள்ளைச் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்விட்ஜர்லாந்தின் பட்டெக் பிலிப் கம்பெனி 1868-ல் முதன்முதலாகச் செய்த கைக்கடிகாரம், ஹங்கேரி நாட்டுச் சீமாட்டி ஒருத்திக்காகச் செய்ததுதான். அந்தக் காலத்து ஆண்கள் சங்கிலி போட்ட கடிகாரத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். கையில் கட்டுவது வளையல் போடுகிற மாதிரி என்று கேலி செய்தார்கள். 1914-ல் முதல் உலக மகா யுத்தம் மூண்டதும் பதுங்கு குழியில் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாமல் போயிற்று. அப்புறந்தான் அவர்களுக்குப் புத்தி வந்தது. ஆகையால், கடைக்குள் கூச்சப்படாமல் நுழையலாம்.

எதைக் கேட்பது? முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு எச்.எம்.டி. நல்ல தொடக்கம். இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற அரசாங்க ஸ்தாபனம், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியுடைய உதவியோடு 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 'ஜனதா' என்ற அதன் சாவி கடிகாரம் குமாஸ்தா முதல் கலெக்டர் வரை எல்லார் கையிலும் ஓடியது. 1969-ல் ஜப்பானின் ஸீக்கோ கம்பெனி, பாட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. 1984-ல் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரிலிருந்து அந்த ரகத்தை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கிற வேலை மறந்து போயிற்று. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடிவிட 2016 ஜனவரியில் மத்திய மந்திரி சபை ஒப்புதல் கொடுத்தது. ஆனாலும், ஓடிய கடிகாரங்கள் ஏராளம் என்பதால் பழைய பாகங்கள் இன்னும் அகப்படுகின்றன. ரிப்பேர்காரர்களுக்கும் அதன் வயிற்றுக்குள் இருப்பது அத்துபடி. எவ்வளவு அழகான ஸ்விஸ் கடிகாரமானாலும், திறந்து பார்க்க ஆளில்லை என்றால் அது வெறும் வளையல்தானே!

முகமும் முதுகும்

இப்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். நம் ஊர் ஈரக் காற்றிலும் வியர்வையிலும் பழைய டயல்கள் கறுத்துப் புள்ளி விழுந்துவிடும். வியாபாரிகள் அதைச் சுரண்டிவிட்டுப் புது வர்ணம் அடித்து, எண்களையும் கம்பெனி பெயரையும் மறுபடி அச்சடித்துவிடுகிறார்கள். மயில் கழுத்து நீலம், கிளிப் பச்சை, ரத்தச் சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும். சேகரிப்பவர்கள் இவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். கம்பெனி அந்த வர்ணத்தில் ஒரு கடிகாரங்கூடச் செய்திருக்காது!

கண்டுபிடிப்பது சிரமமில்லை. ஒரு பூதக்கண்ணாடி போதும். எழுத்துகள் தடித்து, மை கசிந்தாற்போல் இருக்கின்றனவா? நிமிஷக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்காமல் விலகி நிற்கின்றனவா? கம்பெனி பெயர் சாய்ந்திருக்கிறதா? அப்படியானால் அது மறு வர்ணந்தான். இன்னொரு சுலபமான வழியும் உண்டு. கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்மூடி தேய்ந்து, ஓரம் மழுங்கி, ஐம்பது வருஷம் உழைத்ததாகச் சொல்கிறது. முன்பக்கமோ நேற்றுப் பிறந்த குழந்தை மாதிரி பளபளக்கிறது. முகத்துக்கும் முதுகுக்கும் வயசு ஒத்துப் போகவில்லை என்றால், எங்கேயோ கை வைத்திருக்கிறார்கள்.

மறு வர்ணம் அடித்ததை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. "இது வர்ணம் அடித்தது" என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், பிடித்திருந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அசல் என்று சொல்லி அசல் விலை கேட்பதுதான் மோசடி. வாயால் சொல்வதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மைக்காரர் எழுதுவார், மற்றவர் பேச்சை மாற்றுவார். இன்டர்நெட்டில் படம் பார்த்து வாங்குவதானால், முகத்தின் படம் மட்டும் போதாது. பின்மூடியைத் திறந்து உள்யந்திரத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கல்லும் கவரிங்கும்

டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருக்கும். "உள்ளே பதினேழு மாணிக்கம் இருக்கிறதம்மா!" என்று கடைக்காரர் கண்ணைச் சிமிட்டுவார். இருப்பது உண்மைதான். ஆனால் அவை செயற்கை மாணிக்கம். சக்கரங்களின் அச்சு உராய்ந்து தேயாமல் இருப்பதற்காக வைத்தவை. மோதிரத்தில் பதிக்கிற சரக்கல்ல. சாதாரணச் சாவி கடிகாரத்துக்குப் பதினேழு கல் தாராளம். கல்லுக்கென்று தனி விலை கொடுக்க வேண்டாம்.

உறையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கவரிங் நகை எங்கே முதலில் பல்லிளிக்கும் என்பது நமக்குத் தெரியாதா? பட்டை மாட்டுகிற நான்கு கொம்புகளின் விளிம்பிலும், மணிக்கட்டில் படுகிற ஓரத்திலுந்தான். அங்கே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தால், மேலே இருப்பது குரோமியம் பூச்சு என்று அர்த்தம். முழு எஃகு உறை என்றால் தேய்ந்தாலும் நிறம் மாறாது.

பிறகு காதருகே வைத்துக் கேளுங்கள். இந்த ரகக் கடிகாரங்கள் பல மணிக்கு 18,000 தடவை, அதாவது விநாடிக்கு 5 தடவை அடிக்கும். சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நொண்டி நடக்கக் கூடாது. கடைக்காரர் சம்மதித்தால் ஒரு நாள் வைத்திருந்து பாருங்கள். முழுக்கச் சாவி கொடுத்து, காலை 8 மணிக்கு டெலிபோனைப் பார்த்து நேரம் வைத்து, மறுநாள் 8 மணிக்கு ஒப்பிடுங்கள். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் முன்பின்னாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. அதில் 30 பிசகினால் பெரிய குற்றமில்லை. திடீரென்று பல நிமிஷம் வேகமாக ஓடினால், உள்ளே மயிரிழை போன்ற ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கலாம். கைப்பையை மூடுகிற காந்தப் பொத்தானே அதற்குப் போதும். ரிப்பேர்காரர் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.

பொத்தான் அளவு லேடீஸ் வாட்சுகள் அழகுதான். ஆனால் யந்திரம் சின்னதாக ஆக ஆக ரிப்பேரும் கஷ்டம், பாகம் கிடைப்பதும் கஷ்டம். அந்தக் காலத்து ஆண்கள் கடிகாரம் மூன்றரை சென்டிமீட்டர் அகலந்தான். இன்றைய பெண்கள் கைக்கு அது வெகு பாந்தமாக இருக்கும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. 1960-களுக்கு முந்திய வெளிநாட்டுக் கடிகாரங்களில், இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சைத் தடவியிருப்பார்கள். அமெரிக்காவில் அந்தப் பூச்சைத் தீட்டிய பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியதால் நோய்ப்பட்டு இறந்த கதை உலகப் பிரசித்தம். இப்போது ஒளிரவில்லையே என்று அலட்சியம் செய்யாதீர்கள். மங்கிப்போனது கூடக் கலந்த பொருள்தான். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும்! அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம். குழந்தை கையிலும் கொடுக்க வேண்டாம்.

பீரோவைத் திறந்து பாருங்கள்

இவ்வளவும் சொன்ன பிறகு, கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. வீட்டுப் பீரோவின் உள்ளறையைத் திறந்து பாருங்கள். மாமனார் கட்டி நின்று போனதோ, பெரியப்பா ரிடையரானபோது ஆபீசில் கொடுத்ததோ ஒன்று துணியில் சுற்றிக் கிடக்கலாம். நின்று போன கடிகாரம் செத்துப் போனதல்ல. பெரும்பாலும் எண்ணெய் வறண்டிருக்கும், அவ்வளவுதான். சாவியை மறுபடி மறுபடி திருகிப் பார்க்காதீர்கள். வறண்ட சக்கரம் தேய்ந்து போகும்.

நல்ல ரிப்பேர்காரரிடம் கொண்டு போய் மூன்று விஷயம் சொல்லுங்கள். "உள்ளே சுத்தம் செய்து எண்ணெய் போடுங்கள். டயலைத் தொடாதீர்கள், பின்மூடிக்குப் பாலிஷ் போடாதீர்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பிக் கொடுங்கள்." முக்கியமாக அந்த இரண்டாவதை இரண்டு தடவை சொல்லுங்கள். பின்மூடியில் ஒரு பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். பாலிஷ் சக்கரத்தில் அரை நிமிஷம் பிடித்தால் அது போயே போய்விடும். டயலில் படிந்த மஞ்சள் நிறமும் அப்படித்தான். 'புதுசாக்கித் தருகிறேன்' என்று ஆசையோடு சொல்வார்கள். புதுக் கடிகாரம் எந்தக் கடையிலும் கிடைக்கும். மாமனார் நாற்பது வருஷம் பார்த்த முகம் வேறெங்கே கிடைக்கும்?

பீரோவில் ஒன்றும் அகப்படவில்லையா? அப்போது தாராளமாகக் கடைக்குக் கிளம்புங்கள். சுத்தம் செய்யும் கூலிக்கென்று ஒரு தொகையைத் தனியாக முடிந்துகொள்ளுங்கள். பூதக்கண்ணாடியை மறந்துவிடாதீர்கள்!