குடலிலே குடியிருக்கும் கொள்ளையன்

1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி புதுவையை விட்டு அகன்றது. அந்நியன் சுரண்டல் ஒழிந்ததென்று ஊரே மகிழ்ந்தது. ஆனால் தோழர்களே, ஏழையின் குடலிலே குடியிருந்த கொள்ளையன் மட்டும் அகலவில்லை!

கொக்கிப்புழு என்பது அவன் பெயர். மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்கால் பட்டால் போதும். தோலைத் துளைப்பான், குருதியோடு நுரையீரல் சேர்வான், தொண்டை வரை ஏறிக் குடலுக்குள் இறங்குவான். நாளொன்றுக்கு ஒரு புழு பறிக்கும் குருதி சுமார் 0.03 மில்லிலிட்டர்தான். நூறு புழுக்கள் குடியேறினால்? மாதம் 90 மில்லிலிட்டர்! வட்டிக்கடைக்காரன்கூட இத்தனை ஒழுங்காக வசூலிப்பதில்லை. “களைப்பு, மூச்சு வாங்குகிறது” என்று பாகூர் வயலிலிருந்து ஜிப்மர் வாசலுக்கு வரும் உழவனின் சோகைக்கு, பல வேளைகளில் உருப்பெருக்கியே விடை சொல்லும்.

நடுவண் அரசு 2015இல் குடற்புழு நீக்க நாளைத் தொடங்கிற்று. 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் மாத்திரை உண்டு. கருவுற்ற தாய்க்கும் உண்டு. வரவேற்கிறோம். இருபது வயது உழவனுக்கு? அவன் காலைக் கண்டதும் கும்பிட்டு ஒதுங்கிவிடுவானோ இந்தக் கொள்ளையன்? மாத்திரை குடலிலுள்ள புழுவைத்தான் கொல்லும். மண்ணிலே அடுத்தது காத்திருக்கிறது.

வாக்குக் கேட்டு வருவோரைக் கேளுங்கள்: கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீர் எங்கே? சேற்றில் இறங்குபவனுக்கு மாத்திரை எங்கே?