மானுக்கு முன்னால் ஒரு குலுக்கல்

மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய ஒரு விலங்கு. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தலை அசைந்தாலும் பார்த்துவிடும் கண். அதை 35, 40 மீட்டருக்குள் வரவழைத்து, அம்பால் அடிக்க வேண்டும். கேட்டாலே தலை சுற்றும். ஆனால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கு வெளியூரிலிருந்து வில்லோடு போகிறவர்களுக்கு, மான் இரண்டாவது கஷ்டம்தான். முதல் கஷ்டம் லைசென்ஸ்.

அந்த விலங்கின் பெயர் பிராங்ஹார்ன். அமெரிக்கர்கள் 'ஆன்டிலோப்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். பார்க்க நம் வெளிமானின் ஒன்றுவிட்ட தம்பி போல இருக்கும். உண்மையில் சொந்தமே கிடையாது. தன் குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே வாரிசு அது. உயிரோடு இருப்பவற்றில் நெருங்கிய உறவு எது தெரியுமா? ஒட்டகச்சிவிங்கி! கொம்பும் விசித்திரம்தான். உள்ளே எலும்பு, மேலே ஓர் உறை. அந்த உறை மட்டும் வருடா வருடம் கழன்று விழுந்து புதிதாக முளைக்கும்.

இன்றைக்கு அமெரிக்காவில் இதைத் துரத்திப் பிடிக்கும் வேகமுள்ள மிருகம் எதுவும் இல்லை. பிறகு எதற்கு இவ்வளவு வேகம்? பல ஆயிரம் வருடங்களுக்கு முன் அழிந்துபோன, சிறுத்தை போன்ற ஒரு பூனைக்குப் பயந்து ஓடிப் பழகிய கால் அது என்கிறார் ஜான் பயர்ஸ் என்ற விலங்கியலாளர். துரத்தியவன் போய்விட்டான், ஓட்டம் மட்டும் நிற்கவில்லை.

நம் நாட்டில் 1972-ம் வருட வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டைக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. அதனால் இந்தக் கணக்கெல்லாம் நமக்குப் புதிராகத் தோன்றும். அங்கே காட்டு விலங்குகள் மக்களின் பொதுச் சொத்து. அவர்கள் சார்பில் பாதுகாப்பது மாநில அரசு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராங்ஹார்ன் கிட்டத்தட்ட அழியும் நிலைக்கு வந்துவிட்டது. கட்டுப்பாடுகள் வந்தன. 1937-ல் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியை வனவிலங்கு மீட்புக்கென்றே ஒதுக்கும் சட்டம் வந்தது. வில், அம்புக்கும் பின்னால் அந்த வரி வந்தது. இன்று பிராங்ஹார்ன்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. எல்லா மாநிலங்களையும் விட அதிகம் வயோமிங்கில். எத்தனையைச் சுடலாம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் வருடா வருடம் எண்ணிக்கை குறிக்கிறார்கள். கேட்பவர்கள் அதைவிட அதிகம். எனவே குலுக்கல்.

ஓஹையோவில் இருக்கும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கையில் வில், மனதில் ஆசை, கணக்கில் இரண்டே இரண்டு புள்ளிகள்.

புள்ளி என்றால்? வயோமிங்கில் ஒரு வெளிமாநிலத்தவர் வருடத்துக்கு 31 டாலர் கட்டி ஒரு 'முன்னுரிமைப் புள்ளி' வாங்கலாம். வெளிமாநிலத்தவருக்கென்று ஒதுக்கிய லைசென்ஸ்களில் 75 சதவீதம், புள்ளி அதிகம் வைத்திருப்பவர்களுக்கே. மீதி 25 சதவீதம், புள்ளியைப் பார்க்காத குலுக்கல். அடுத்தடுத்து இரண்டு வருடம் விண்ணப்பிக்காமலும் புள்ளி வாங்காமலும் இருந்துவிட்டால், சேர்த்ததெல்லாம் போச்சு.

கேட்க நியாயமான ஏற்பாடு போலத்தான் இருக்கும். சிக்கல் எங்கே என்றால், வரிசையில் நிற்கும் எல்லோருமே வருடா வருடம் ஒரு புள்ளி ஏறுகிறார்கள். நல்ல பகுதிக்கு இன்று ஐந்து புள்ளி போதும் என்று நம்பி மூன்று வருடம் காத்திருந்தால், அப்போது அதன் விலை ஏழாகியிருக்கும். கானல் நீரைத் துரத்துவது மான் என்று நாம் சொல்வோம். இங்கே துரத்துவது மனிதன். மான் ஒன்றையும் கொடுக்காமல் மாநிலம் விற்கக்கூடிய ஒரே சரக்கு இந்தப் புள்ளி. விற்பனை நிற்கும் என்று எதிர்பார்ப்பது அப்பாவித்தனம்.

வானிலையும் சேர்ந்துகொள்ளும். 2022-23 குளிர்காலம் வயோமிங்கின் மேற்குப் பகுதியில் பிராங்ஹார்ன் கூட்டங்களை அடியோடு உலுக்கிவிட்டது. பனி மூடி இறுகிப்போக, புல்லும் புதரும் எட்டாமல் செத்தன. கூடவே சுவாச நோயும் பரவியது. அரசு லைசென்ஸ்களை ஆயிரக்கணக்கில் குறைத்தது. அது சரியான முடிவுதான். ஆனால், பத்து வருடம் சேர்த்தவரின் வரிசை அதனால் இன்னும் நீண்டது.

அப்படியானால் ஓஹையோக்காரர் என்ன செய்யலாம்? அரிசோனாவையும் நெவாடாவையும் முதலில் மறந்துவிடுவது நல்லது. நெவாடாவில் புள்ளிகளை வர்க்கப்படுத்திச் சீட்டு போடுகிறார்கள். இவருடைய இரண்டு, நான்காகும். பத்து வைத்திருப்பவருக்கு அது நூறு! நியூ மெக்சிகோவில் புள்ளி முறையே கிடையாது, இன்று பிறந்தவனும் எண்பது வயதுக்காரரும் ஒரே பானையில். ஆனால் 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு, 10 சதவீதம் வழிகாட்டியை அமர்த்திக்கொள்பவர்களுக்கு என்று போக, தனியாக வரும் வெளியூர்க்காரருக்கு மிஞ்சுவது 6 சதவீதம். லாட்டரிச் சீட்டு வாங்கும் மனநிலை இருந்தால் போடலாம்.

மொன்டானாதான் வில்காரர்களின் நண்பன். அங்கே வில்லுக்கென்றே '900-20' என்று தனி லைசென்ஸ் உண்டு. மாநிலத்தின் பெரும்பகுதியில் செல்லும். முதல் விருப்பமாகக் கேட்டவர்களுக்குப் பல வருடங்களாக அநேகமாகக் கிடைத்தே வந்திருக்கிறது. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், அந்தந்த வருடக் கையேட்டைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது.

வயோமிங்கையும் விட வேண்டாம். அங்கே சாதாரண லைசென்ஸ் வெளிமாநிலத்தவருக்கு 326 டாலர், விண்ணப்பக் கட்டணம் தனி. உள்ளூர்க்காரருக்கு அதே லைசென்ஸ் 37 டாலர்! 'ஸ்பெஷல்' என்று இன்னொரு வரிசை இருக்கிறது. 1,200 டாலர் கொடுத்தால் கூட்டம் குறைந்த வரிசையில் நிற்கலாம். கோயிலில் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்கியவர்களுக்கு இது புரியும். மானும் அதேதான், புல்வெளியும் அதேதான். பணம் உபரியாக இல்லாதவர்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பதே உத்தமம்.

இரண்டு புள்ளிக்கு, ஏன் ஒரு புள்ளிக்கும்கூடக் கிடைக்கும் பகுதிகள் வயோமிங்கில் உண்டு. ஆனால் ஒரு பகுதி ஏன் சுலபமாகக் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். மான் குறைவென்பதால் அல்ல. நிலம் பெரும்பாலும் தனியாருடையது என்பதால். லைசென்ஸ் கையில் இருக்கும், மான் கண்ணெதிரே மேயும், நடுவில் முள்வேலி.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை. 1860-களில் ரயில்பாதை போடுவதற்காக, தண்டவாளத்தின் இருபுறமும் 20 மைல் அகலத்துக்கு, ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக அரசு நிலத்தை ரயில்வே கம்பெனிக்குக் கொடுத்தார்கள். தெற்கு வயோமிங்கின் வரைபடம் இன்றும் சதுரங்கப் பலகைதான். கறுப்புக் கட்டம் தனியார், வெள்ளைக் கட்டம் பொது. ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக் கட்டத்துக்கு மூலை வழியாகத்தான் போக முடியும். மூலையைத் தாண்டும்போது உடம்பு ஒரு நொடி தனியார் நிலத்தின் காற்றில் இருக்கும். அது அத்துமீறலா?

2021-ல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், எல்க் மலையில் இப்படிப்பட்ட மூலையில் ஏணி போட்டு ஏறி இறங்கினார்கள். தனியார் மண்ணில் கால் படவில்லை. நில உரிமையாளர் விடவில்லை. லட்சக்கணக்கான டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 2022-ல் குற்ற வழக்கில் ஜூரிகள் நால்வரையும் விடுவித்தார்கள். சிவில் வழக்கில் 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. அந்தத் தீர்ப்பு வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ உள்ளிட்ட ஆறு மாநிலங்களுக்குப் பொருந்தும். மொன்டானா அதில் இல்லை. செல்போன் வரைபடத்தில் எல்லைக்கோட்டைப் பார்த்து நடக்கும் வெளியூர்க்காரர், எந்த மாநிலத்து மண்ணில் நிற்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வில்காரருக்கு ஒரு சாதகம். வயோமிங்கின் பல பகுதிகளில் ஆகஸ்ட் 15-லேயே வில் பருவம் தொடங்கிவிடும். தனியாக வில் அனுமதிக்குக் கட்டணம் கட்டினால் போதும். அதில் மான் கிடைக்காவிட்டால், துப்பாக்கிப் பருவத்தில் அதே லைசென்ஸோடு திரும்பி வரலாம். ஒரு புள்ளிக்கு இரண்டு வாய்ப்பு.

ஆகஸ்ட் வெயிலில் வழி ஒன்றுதான்: தண்ணீர். மான் குடிக்க வரும் குட்டைக்கோ, மாட்டுத் தொட்டிக்கோ பக்கத்தில் சில நாள் முன்னதாகவே சின்ன மறைப்புக் கூடாரம் போட்டுவிட வேண்டும். பிறகு விடியலிலிருந்து இருட்டும் வரை உள்ளே உட்கார வேண்டும். உள்பக்கம் கறுப்பு என்பதால் உடையும் கறுப்பு. மற்ற மான்கள் காலையும் மாலையும் நடமாடும். இது உச்சி வெயிலிலும் வரும். 'சாப்பிட்டுவிட்டு வருகிறேன்' என்று எழுந்தவர்தான் ஏமாறுவார். ஓர் இரவு நல்ல மழை பெய்தாலோ கதை முடிந்தது. பள்ளத்துக்குப் பள்ளம் தண்ணீர், குட்டையை யார் தேடுவார்கள்?

அப்போது வேலியைப் பார்க்கலாம். இவ்வளவு ஓடும் இந்த மான் பெரும்பாலும் வேலியைத் தாண்டிக் குதிக்காது, கீழ்க்கம்பிக்கு அடியில் நுழைந்துதான் போகும். புல் தேய்ந்து மயிர் ஒட்டிய இடம் தெரிந்தால் அங்கே காத்திருக்கலாம். செப்டம்பர் நடுவில் இணைசேரும் காலம். ஆண் மான் பொம்மையை முன்னால் பிடித்தபடி நகர்ந்தால், பொறாமையில் நிஜ ஆண் பாய்ந்து வரும். துப்பாக்கிப் பருவத்தில் மட்டும் அந்த விளையாட்டு ஆகவே ஆகாது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வயோமிங், மொன்டானா இரண்டுக்கும் ஜூன் மாதத் தொடக்கம். இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு பெரிய கொம்புக்காகப் பத்து வருடம் காத்திருப்பதைவிட, நடுத்தரமான பகுதியில் இந்த வருடமே செலவழித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது மேல். பத்து வருடத்தில் மூன்று, நான்கு முறை புல்வெளியைப் பார்க்கலாம். முழங்கால் வலி அப்போது எப்படி இருக்குமென்று எந்தக் குலுக்கலும் சொல்லாது.

ஓஹையோவிலிருந்து அங்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல். லாரியில் கூடாரத்துக்கு முன் ஏற வேண்டியது ஐஸ் பெட்டிகள். பிராங்ஹார்ன் கறி நாற்றமடிக்கும் என்று சொல்பவர்கள், பெரும்பாலும் 30 டிகிரி வெயிலில் அதைத் தோலோடு வண்டியில் போட்டு ஊர்வலம் வந்தவர்கள். விழுந்த அந்த மணி நேரத்திலேயே தோலுரித்து ஐஸில் வைத்துவிட வேண்டும். சாப்பிடக்கூடிய கறியை வீணாக்குவது அங்கே சட்டப்படி குற்றமும்கூட.