பிள்ளையின் தட்டும் நம் தட்டும்

நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் கோவாவும் நாள்தோறும் கொழும்புக்கு லொறி ஏறுகின்றன. ஆனால் 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வில், வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் நாட்டிலேயே அதிகமாக இருந்தது இந்த மாவட்டத்தில்தான். இங்கே ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதும் அது 17.

முதற்காரணம் சம்பளம். அரைப்பேர் போட்டு அனுப்பும் நாளில் முட்டைக்கும் நெத்தலிக்கும் எங்கே போவது? அந்தப் போராட்டத்தை நாம் விடமாட்டோம். ஆனால் சம்பளம் கூடும்வரை பிள்ளையின் வளர்ச்சி காத்திருக்காது. முதல் இரண்டு வயதில் குன்றிய வளர்ச்சியைப் பிறகு மீட்பது மிகக் கடினம்.

பிள்ளை நம்மைப் பார்த்துத்தான் சாப்பிடப் பழகுகிறது. காலையில் கோதுமை மா ரொட்டியும் சாயத்தண்ணியுமாக நாம் மலைக்கு ஓடினால் பிள்ளைக்கும் அதுவே சாப்பாடு. அப்பா ஒதுக்கும் கீரையை மகன் தொடமாட்டான். எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் மிஞ்சியதை அம்மா சாப்பிட்டால், மகளும் கடைசியில் சாப்பிடப் பழகுவாள். நாளை அவள் இரத்தச்சோகையோடு கர்ப்பிணியானால் அவள் பிள்ளையும் எடை குறைந்து பிறக்கலாம்.

ஆகவே, இரவுச் சாப்பாட்டையாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பருப்பும் கீரையும் நம் தட்டிலும் இருக்கட்டும். லயத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடமிருந்தாலும் வல்லாரையோ பொன்னாங்காணியோ வளரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்போம். கைக்குழந்தைக்குச் சாயத்தண்ணி வேண்டவே வேண்டாம். எடை குறைந்த பிள்ளைக்கென்று கிளினிக்கில் தரும் திரிபோஷவை வீட்டார் பங்குபோட வேண்டாம். சம்பளத்தன்று சோடா வாங்குமுன் போத்தலைப் பாருங்கள். சிவப்பு அடையாளம் இருந்தால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

குடும்பத்துக்குக் குடும்பம் மரக்கறி நட நிலமும், பிள்ளைக் காம்பராவில் சத்தான மதியச் சாப்பாடும் வேண்டுமென்று நிர்வாகங்களிடம் தொடர்ந்து கேட்போம். தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத்தாரும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். நம் அடுப்படியில் முடிந்ததை இன்றிரவே தொடங்குவோம்.