டயமண்ட் 5 இல் நிற்கிற பிள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் போனும் கையுமாக ஒரு பிள்ளை இருந்தால் பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் இடைவேளையில் தரம் 11 மாணவர் ஒருவர் நம்மிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. “சேர், இந்த கேம் வேணுமெண்டே என்னத் தோக்க வைக்குது. ரெண்டு மாசமா டயமண்ட் அஞ்சுலயே நிக்கிறன்” என்றார். விசாரிக்க விசாரிக்க மற்றதும் வெளியே வந்தது. இரவு 2 மணி வரை விளையாட்டு. இரண்டு மாத டியூஷன் காசு கட்டப்படவில்லை. நானாவின் வங்கி கார்ட் வழியாக அது கேமுக்குள் போயிருக்கிறது. கட்டாரில் வெயிலில் நிற்கிற வாப்பாவுக்கு இது தெரியாது. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம், பெயர் வேண்டாம்.

இப்படியொன்று கேள்விப்பட்டால் நம்மூரில் இரண்டு பதில்தான் உண்டு. ஒன்று, “போனைப் பறித்து உடையுங்க.” மற்றது, “விளையாட்டுத்தானே, விடுங்க.” இரண்டுமே பிள்ளையின் கேள்விக்குப் பதில் இல்லை. அவர் கேட்டது ஒரு கணக்கு. நாம் கணிதம் கற்பிக்கிறவர்கள். கணக்கைக் கணக்காகவே பார்ப்போம்.

அவர் விளையாடுவது ‘ஹார்த்ஸ்டோன்’. 2014 இல் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட கார்ட் கேம். கார்ட்டுகளைச் சேர்த்து, அதில் 30 ஐத் தெரிந்து ஒரு கட்டு அமைத்து, எங்கோ இருக்கிற ஒருவரோடு மோத வேண்டும். 2020 இல் மாற்றியமைத்த முறைப்படி பிரோன்ஸ், சில்வர், கோல்ட், பிளாட்டினம், டயமண்ட் என்று 5 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 10 படிகள், ஒவ்வொரு படிக்கும் 3 நட்சத்திரங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ‘லெஜண்ட்’. மாதம் முடிந்தால் எல்லோரும் மீண்டும் பிரோன்ஸ் 10 க்கு இறக்கப்படுவார்கள். போன மாதம் நன்றாக ஆடியவருக்கு வெற்றிக்கு மேலதிக நட்சத்திரம் கிடைக்கும். அது தீரும் வரை அவருடைய மறைவான மதிப்பெண்ணைப் பார்த்தும், தீர்ந்த பிறகு அவர் நிற்கும் படியைப் பார்த்தும் எதிராளியைத் தருவார்கள்.

இந்த மறைவான மதிப்பெண் புதிய சூழ்ச்சி அல்ல. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் ஈலோ சதுரங்கத்துக்கு இப்படியொரு முறையைச் செய்தார். 1960 இல் அமெரிக்க சதுரங்கச் சம்மேளனமும் 1970 இல் உலக சதுரங்கச் சம்மேளனமும் அதை ஏற்றன. உங்களை விட 200 புள்ளி குறைந்தவரோடு ஆடினால் 100 க்கு 76 அளவு உங்களுக்கு. சமமானவரோடு ஆடினால் 50. இன்றைய கேம்களின் மதிப்பெண் முறைகள் பலவற்றுக்கும் மூலம் இந்தச் சிந்தனைதான்.

அப்படியானால், சமமானவரைத் தேடித் தருகிற முறை ஒழுங்காக வேலை செய்தால் பிள்ளை பாதி ஆட்டங்களில் தோற்கத்தான் வேண்டும். தோல்வி அந்த முறையின் பிழை அல்ல. அது சரியாக இருப்பதன் அடையாளம்.

“அப்ப ஏன் சேர் தொடர்ந்து அஞ்சு தடவ தோக்கிறன்?” என்று கேட்டார். அடுத்த நாள் வகுப்பில் 40 பிள்ளைகளையும் ஆளுக்கு 20 தடவை நாணயம் சுண்டி எழுதச் சொன்னோம். 9 பேருக்குத் தொடர்ந்து ஐந்து ‘பூ’ விழுந்திருந்தது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது: 20 தடவையில் அப்படி விழும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. நாணயத்துக்கு யார் மீதும் பகை இல்லை.

ஆனால் பிள்ளையின் சந்தேகத்தை முழுக்கப் பைத்தியம் என்றும் தள்ளிவிட முடியாது. பிளிசார்டோடு ஒரே குழுமத்தில் இருந்த ஆக்டிவிஷன், விளையாடுகிறவரைக் காசு செலவழிக்கத் தூண்டும் விதமாக எதிராளியைச் சோடி சேர்க்கும் முறையொன்றுக்கு 2017 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. எந்த கேமிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. ஹார்த்ஸ்டோனில் அப்படி நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சோடி சேர்ப்பதை வியாபாரமாக்க யோசித்த மூளைகள் உண்டு என்பதைப் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, ஏன் டயமண்ட் 5? அதுவரை தொடர்ந்து வென்றால் மேலதிக நட்சத்திரம் உண்டு, ஆகவே சுமாரானவரும் ஏறலாம். அதற்குப் பிறகு வென்றால் ஒன்று கூடும், தோற்றால் ஒன்று குறையும். லெஜண்டுக்கு 15 நட்சத்திரம் வேண்டும். டயமண்ட் 5 க்குக் கீழே மட்டும் அந்த மாதம் விழ முடியாது. கணக்குப் போட்டோம். பாதிக்குப் பாதி வெல்கிறவர் அங்கிருந்து லெஜண்டைத் தொட சராசரியாக 240 ஆட்டம் வேண்டும். ஆட்டத்துக்கு 10 நிமிடம் என்று வைத்தால் 40 மணித்தியாலம். நூற்றுக்கு 55 வெல்கிறவருக்கு ஏறத்தாழ 107 ஆட்டம், 60 வெல்கிறவருக்கு 65.

உறவுகளே, இந்த இடத்தைத் திரும்ப வாசியுங்கள். தன் சக ஆட்டக்காரரை விட ஒரு துளியும் கெட்டிக்காரர் அல்லாதவரும் 40 மணித்தியாலம் கொடுத்தால் உச்சியைத் தொடலாம். ஆகவே அந்த ஏணி திறமையை மட்டும் அளக்கவில்லை. யாரிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் சேர்த்து அளக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கிற பிள்ளையிடம் இருக்கிற ஒரே சொத்து அந்த நேரம்தான். அதைக் கொடுத்து வாங்கிய பட்டத்தை மாத முடிவில் கேம் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

காசுப் பக்கத்துக்கு வருவோம். “நல்ல கார்ட் இல்லாமத்தான் தோக்கிறன்” என்று நினைத்துப் பிள்ளை பெக் வாங்குகிறார். ஒரு பெக்கில் 5 கார்ட். உயர்ந்த ரக கார்ட் சராசரியாக 20 பெக்குக்கு ஒன்று. 40 பெக்குக்குள் ஒன்று நிச்சயம். வேண்டாத ஒன்று வந்தால் உடைத்துத் தூளாக்கலாம். 400 தூள் கிடைக்கும். வேண்டியதைச் செய்ய 1600 தூள் வேண்டும். நான்கைக் கொடுத்து ஒன்று. என்ன வரும் என்று தெரியாமல் காசு கட்டித் திறக்கிற இத்தகைய பெட்டிகள் சில கேம்களில் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று 2018 இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு முடிவு செய்தது. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பொறுப்பு, நம்முடையதல்ல. ஆனால் ஜும்ஆ மேடைகளில் “கேம் ஹராம்” என்று ஒரே சொல்லில் முடிக்காமல் இந்தப் பெக்கைப் பற்றித் தனியாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

கடைசியாக, கசப்பான ஒரு விடயம். ‘ரேங்க்’ பசியை இந்தப் பிள்ளைகளுக்கு ஊட்டியது கேம் அல்ல. நாம்தான். தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் சந்திக்குச் சந்தி பேனர் கட்டுகிறோம். பேனரில் இல்லாத பிள்ளை அதே வீதியால்தான் பாடசாலைக்கு வருகிறது. தவணைப் பரீட்சை முடிந்தால் முதலாம் பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளை வரை சத்தமாக வாசிக்கிறோம். இதை எழுதுகிற நாமும் பல வருடம் வாசித்தவர்களே. அந்த கேம் பிள்ளையைத் தனக்குச் சமமானவரோடு மோத விடுகிறது, பாதி தடவை வெல்ல வைக்கிறது. நமது வகுப்பறையில் 38 ஆம் பிள்ளை எப்போது வென்றது? வெல்கிற இடம் தேடி அது போனுக்குள் போனால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆகவே பெற்றோரிடம் நாம் கேட்பது இதுதான். வங்கி கார்ட் விபரத்தைப் பிள்ளையின் போனில் சேமிக்காதீர்கள். நேரத்தை மணிக்கணக்கில் அல்ல, ஆட்டக் கணக்கில் முடிவு செய்யுங்கள். நாளைக்கு மூன்று ஆட்டம், இரண்டு தோற்றால் அன்றைக்கு முடிவு. தோற்ற கோபத்தில் தொடர்வதில்தான் இரவு 2 மணி ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் பாருங்கள், “ஏன் இந்த கார்ட்டைப் போட்டாய்?” என்று கேளுங்கள்.

நமது பக்கத்தில், இந்தத் தவணையிலிருந்து இடங்களை வாசிப்பதை நிறுத்துகிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் போன தவணைப் புள்ளியையும் இந்தத் தவணைப் புள்ளியையும் தனியாகக் கையில் கொடுப்போம்.

அந்த மாணவர் இன்னும் விளையாடுகிறார். மூன்று ஆட்டம், இப்போது பிளாட்டினத்தில். வாப்பாவுக்கு உண்மையைச் சொன்னார். நாம் பக்கத்தில் இருந்தோம். அழைப்பில் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு வாப்பா, “டியூஷன் காச நான் அனுப்புறன். நீ நித்திரக்கிப் போ மகன்” என்றார்.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் நேரத்தில் பரகத் செய்வானாக.