கடனின் அளவல்ல, தன்மையே ஆபத்து: 1991 உணர்த்தும் பாடம்

புது தில்லி: வளரும் நாடுகள் கடன் நெருக்கடியில் சிக்கும்போதெல்லாம், வாங்கிய தொகையின் அளவே விவாதப் பொருளாகிறது. ஆனால் யாரிடம், எந்த நாணயத்தில், எவ்வளவு காலத்துக்கு வாங்கப்பட்டது என்பதே ஒரு நாட்டின் கதியைத் தீர்மானிக்கிறது. இந்தியா 1991-ல் பட்ட அனுபவம் இதற்குச் சான்று.

1980-களில் மத்திய அரசின் செலவு வருவாயைவிட வேகமாகப் பெருகியது. 1990-91-ல் நிதிப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 8 சதவீதமாக இருந்தது. ஏற்றுமதி வருவாயும் இறக்குமதிச் செலவுக்குப் போதவில்லை. இந்த இடைவெளியை நிரப்ப, குறைந்த வட்டியிலான நீண்டகால உதவிக் கடன்களுடன் வணிகக் கடன்கள், குறுகிய காலக் கடன்கள், வெளிநாடுவாழ் இந்தியர்களின் டெபாசிட்டுகள் ஆகியவையும் நாடப்பட்டன. 1991 மார்ச் இறுதியில் வெளிநாட்டுக் கடன் சுமார் 8,380 கோடி டாலர். அதில் குறுகிய காலக் கடன் சுமார் 850 கோடி டாலர்தான். ஆனால், அது அன்னியச் செலாவணிக் கையிருப்பைவிட அதிகம் என்பதே ஆபத்தாக முடிந்தது.

அரசியல் நிலையின்மை: 1990 ஆகஸ்டில் குவைத்தை இராக் ஆக்கிரமித்ததும் எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாத் தொழிலாளர்கள் அனுப்பும் பணம் குறைந்தது. நான்கே மாதங்களில் இரு அரசுகள் வீழ்ந்தன. 1991 மார்ச்சில் சந்திரசேகர் ராஜிநாமா செய்தபோது, நாடாளுமன்றத்தில் முழு பட்ஜெட் தாக்கலாகியிருக்கவில்லை. வெளிநாட்டு வங்கிகள் கடனைப் புதுப்பிக்கத் தயங்கின, டெபாசிட்டுகள் வெளியேறின.

அடமானம் போன தங்கம்: மே மாதம் 20 டன் தங்கம், திரும்ப வாங்கும் நிபந்தனையுடன் விற்கப்பட்டது. ஜூலையில் மேலும் 47 டன் அடகு வைக்கப்பட்டு, சுமார் 40 கோடி டாலர் திரட்டப்பட்டது. ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. அதே மாத பட்ஜெட்டில் உரம், பெட்ரோல், சமையல் எரிவாயு விலைகள் உயர்த்தப்பட்டன. கடன் வாங்கும் முடிவில் எந்தப் பங்குமில்லாத விவசாயியும் இல்லத்தரசியும் அதன் விலையைக் கொடுத்தனர்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியதும் ஏறக்குறைய இதே கதைதான். சர்வதேசச் சந்தையில் விற்ற டாலர் கடன் பத்திரங்கள், 2019-ன் வரிக் குறைப்பு, கொரோனாவால் முடங்கிய சுற்றுலா ஆகியவை சேர்ந்தே அந்நாட்டை வீழ்த்தின.

இந்தியாவின் அரசுக் கடனில் பெரும்பகுதி இன்று ரூபாயில், உள்நாட்டிலேயே திரட்டப்படுகிறது. எனவே 1991 அப்படியே திரும்பும் வாய்ப்பு குறைவு. ஆனால், வட்டிச் சுமை மற்ற செலவுகளை நெருக்குவது நீடிக்கிறது.

மத்திய அரசு வாங்கும் கடனுக்குச் சட்டம் மூலம் வரம்பு விதிக்கும் அதிகாரத்தை அரசியல் சாசனத்தின் 292-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அளித்துள்ளது. 2003-ல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது. மத்திய அரசின் கடன் 2024-25-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும் என 2018-ல் அது திருத்தப்பட்டது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. தாமே விதித்த வரம்பு மீறப்படும்போது கேள்வி எழுப்ப வேண்டியவர்கள் உறுப்பினர்களே. தங்கம் அடகுக்குப் போகும் நாளில் எழும் கேள்விக்குப் பயனில்லை.