சோற்றுக்குக் கொடுத்த கை, சுவருக்கும் கொடுக்கட்டும்

"தோண்டுவது சர்க்கார் வேலை. நமக்கென்ன?" மாளிகைமேட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் ஜெயங்கொண்டம் பக்கத்தில் வசதியானவர்கள் சொல்லும் பதில் இது. இந்த வாரமும் காதில் விழுந்தது. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது, சொல்லிவிடுகிறோம்.

ஐப்பசிப் பௌர்ணமியன்று கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு வந்து பாருங்கள். 13 அடி உயர லிங்கத்தை மூட ஏறக்குறைய 100 மூட்டை அரிசி வடிக்கிறார்கள். அத்தனையும் பக்தர்கள் கொடுப்பது. கூடை கூடையாக ஆவி பறக்கச் சோறு உள்ளே போகிறது. கீழிருந்து உச்சிவரை அடுக்கி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதம், மீதி நீர்நிலையில் மீன்களுக்கு. யாரும் அங்கே "இது சர்க்கார் வேலை" என்று சொல்வதில்லை. அந்தக் கோயிலைக் கட்டிய இராசேந்திர சோழனின் அரண்மனை, அங்கிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டரில் மாளிகைமேட்டு மண்ணுக்குள் கிடக்கிறது. அதற்கு ஒரு மூட்டை அரிசியின் விலையாவது யாராவது எடுத்து வைத்தோமா?

பணம் திரட்டத் தெரியாத ஊரும் அல்ல இது. இராசேந்திரன் முடிசூடிய ஆயிரமாவது ஆண்டை 2014-இல் முன்னின்று கொண்டாடியவர்கள் ஊர்மக்கள்தான். அவன் பிறந்தநாளான ஆடித் திருவாதிரை அரசு விழாவானதும் 2025-இல் பிரதமரே வந்ததும் அதற்குப் பிறகு நடந்தவை.

மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை 1980-களிலேயே கைவைத்தது. 2021 முதல் மீண்டும் தோண்டியதில் செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனத்துப் பானை ஓடுகள் என்று வந்துகொண்டே இருந்தன. ஆனால் 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநிலம் முழுக்க 8 இடங்களுக்குச் சேர்த்து ஒதுக்கியது 7 கோடி ரூபாய். அந்தப் பட்டியலில் மாளிகைமேடு இல்லை. துறையைக் குறை சொல்ல மாட்டோம். கீழடி, வெள்ளலூர், நாகப்பட்டினம் என்று வரிசையில் நிற்கும் ஊர்கள் ஏராளம், காசு கொஞ்சம்.

தோண்டி முடித்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன்பிறகுதான் ஆரம்பம். வெளியே வரும் ஒவ்வொரு பானை ஓட்டையும் தூரிகையால் கழுவி, நிழலில் உலர்த்தி, எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு என்று மையால் எண் எழுதி, படம் வரைந்து, பெட்டியில் அடுக்க வேண்டும். வெயிலும் மழையும் படும் செங்கல் சுவருக்குக் கூரையும் வடிகாலும் வேண்டும். கடைசியில் அறிக்கை அச்சேற வேண்டும். ஊர்ப் பணம் போய்ச் சேர வேண்டிய இடங்கள் இவை. மண்வெட்டியை ஊர்க்காரர்கள் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். பணம் கொடுக்கத் தடை ஒன்றும் இல்லை. பண்பாட்டு அமைச்சகத்தின் தேசியப் பண்பாட்டு நிதியம் 1996 முதல் நன்கொடை வாங்குகிறது, வருமான வரி விலக்கோடு. மாளிகைமேட்டின் பெயரில் மாநிலத் துறையும் ஒரு தனிக் கணக்கு தொடங்கட்டும். வரவு செலவை ஆண்டுதோறும் கோயில் வாசலில் எழுதி ஒட்டட்டும். பிறகு பாருங்கள்.

இந்த மண்ணைத் தோண்டிச் சுண்ணாம்புக்கல் எடுத்துச் சம்பாதிக்கும் சிமென்ட் ஆலைகளையும் கேட்கிறோம். நிறுவனங்கள் சட்டம் 2013, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக்கே முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. பேருந்து நிழற்குடை போதும், ஐயா! அரண்மனைச் சுவருக்கு ஒரு கூரை போடுங்கள்.

1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காக இதே கோயிலின் மதிலைப் பெயர்த்துக் கருங்கல்லைக் கொண்டுபோனார்கள். தடுத்த ஏழை ஜனங்கள் கடுமையாகத் தண்டிக்கப்பட்டார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று. கையில் அதிகாரமோ காசோ இல்லாத அந்த மனிதர்கள், கும்பினி ஆட்சியிலேயே குறுக்கே நின்றார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று ஆலைகளிடம் வாய் திறந்து கேட்க யாருக்குப் பயப்பட வேண்டும்?

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகளையும் இதில் இறக்குங்கள். சாத்தனூர்க் கல்மரமும் காரைப் பகுதியின் கடல் உயிரிப் படிமங்களும் இவர்கள் சொத்து. பள்ளிகளில் தொன்மை மன்றம் என்று ஒன்று இருக்கிறது. பல இடங்களில் பெயரளவில்தான். காரைக்குப் போகிறவர்கள் படிமங்களைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்களே, அந்தப் பழக்கம் நிற்க வேண்டுமானால் எட்டாம் வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும். பானை ஓடு கழுவ ஒரு சனிக்கிழமை போய் வந்த பிள்ளை, வளர்ந்து நிலத்தைப் பொக்லைன் வைத்துக் கிளறும் முன் ஒருமுறை யோசிக்கும்.

காசு இல்லாதவர்களும் கொடுக்கலாம். மாளிகைமேட்டுச் செங்கல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்து எடுத்து வந்திருக்கிறார்கள். உட்கோட்டை வட்டாரத்தில் மாட்டுக்கொட்டகையிலோ கிணற்று மேட்டிலோ பழைய செங்கல், ஓடு, தூண் துண்டு கிடந்தால், எங்கிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, துறை அலுவலரிடம் ஒப்படையுங்கள். அந்தத் தாளுக்கும் மதிப்பு உண்டு.