ஏடும் மருந்தும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் மொழி. இக்காலத்தே ஏடு கணினியாக மாறிவிட்டது. பழமொழியின் உண்மையோ மாறவில்லை. எச்.ஐ.வி. சிகிச்சையைக் கணினி வழியே கண்காணிக்கும் முறையை யாவரும் புகழ்கின்றனர். யாமும் புகழ்வோம், ஆயினும் அவ்வேடு யாருக்காக எழுதப்படுகின்றது என்பதையும் வினவுதல் வேண்டும்.

1986ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த சுனிதி சாலமன் அம்மையாரின் வழிகாட்டலில் நிர்மலா அம்மையார் திரட்டிய குருதி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டது. அதனால் இந்நோய் நம் நாட்டிலும் உண்டென்பது முதன்முதலாக வெளிப்பட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசாங்கம் மருந்தை இலவசமாக வழங்கி வருகின்றது. மருந்து நோயை அடியோடு களைவதன்று, அடக்கி வைப்பது. நாள் தவறாது உண்பவர் ஏனையோரைப் போலவே நெடுங்காலம் வாழலாம். இடையே நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். அம்மருந்துக்கே அடங்காததாகவும் ஆகிவிடக்கூடும். ஆதலின் மருந்து பெற வரவேண்டிய நாளில் வாராதவர் யார் என்று அறிதலே இச்சிகிச்சைக்கு உயிர்நாடி. பல்லாயிரவர் பெயரடங்கிய காகிதப் பதிவேட்டில் அவரைத் தேடுவதற்குள் வாரங்கள் கழியும். கணினியோ நொடியிற் காட்டும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் 'சோச்' என்னும் கணினி முறையை அமைத்திருப்பதும் இதுபோன்ற பயன் கருதியே.

காட்டியபின் நிகழ்வது யாது? இங்கேதான் கருத்து வேறுபாடு பிறக்கின்றது. கென்யாவில் 538 பேரிடையே நடந்து, 2010இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், வாரந்தோறும் கைப்பேசியில் நலம் வினவும் செய்தி சென்றது. குறையுண்டு என்றவரையும் மறுமொழி தாராதவரையும் செவிலியர் தாமே அழைத்துப் பேசினர். செய்தி பெற்றோருள் நூற்றுக்கு 57 பேரிடம் கிருமி அடங்கியது. பெறாதோருள் 48 பேரிடமே. தென்னிந்தியாவில் 631 பேரிடையே நடந்து, 2014இல் வெளியான ஆராய்ச்சியில், இயந்திரமே வாரந்தோறும் அழைத்து நினைவூட்டியது, படச்செய்தியும் சென்றது. பயனில் வேறுபாடு காணப்படவில்லை. இடமும் முறையும் வேறாதலின் ஒன்றைக்கொண்டு மற்றதை முற்றும் அளத்தல் முறையன்று. ஆயினும் இயந்திரக் குரலும் மனிதர் குரலும் ஒன்றல்ல என்பதே யாம் இவற்றிற் கொள்ளும் படிப்பினை.

கொல்லிமலை வாழவந்தி நாட்டை நினைந்து பாருங்கள். அங்கு வாழும் ஒருவர் நாமக்கல்லிலுள்ள ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்லவேண்டுமாயின், காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கல் வேண்டும். அன்றைக் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணமும் ஆயிற்று. "வரவில்லை" என்று கணினி குறிக்கும். ஏன் வரவில்லை என்பதை யாரேனும் சென்று கேட்டாலன்றி அறியலாகாது. கேட்டறிந்தால் பல மாதங்களுக்குரிய மருந்தை ஒருங்கே கொடுத்தல் போன்ற வழிகள் தோன்றும்.

இவ்வாழவந்தியிலேதான் ஜெஸ்ஸி பிராண்டும் அவர்தம் துணைவியார் ஈவ்லினும் நோயுற்றோரை அவரவர் ஊர்களுக்கே தேடிச்சென்று தொண்டு புரிந்தனர். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலால் இறந்தார். 1914இல் பிறந்த அவர் மைந்தர் பால் பிராண்ட், உலகம் தீண்ட அஞ்சிய தொழுநோயாளரின் கைகளை வேலூரில் சீர்படுத்தினார். அவர்களிடம் கணினி இல்லை. வாராதவரைத் தேடிச் செல்லும் கால்கள் இருந்தன. கணினியும் கால்களும் ஒருங்கே கிடைப்பின் எத்துணை நன்மை!

ஆனால் தேடிச் செல்லுதலிலும் ஓர் இடர் உண்டு. சிற்றூரிலே மருத்துவ ஊழியர் ஒருவர் ஒரு வீட்டு வாயிலில் நின்றாலே ஊர் முழுதும் பேசும். பெயர் வெளிப்பட்டால் திருமணமும் பிழைப்பும் கெடுமென்று அஞ்சுவோர் மருந்தையே கைவிடுவர். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், நோயாளியின் இசைவின்றி அவர் நிலையை வெளியிடுதலைத் தடுக்கின்றது. பதிவுகளைக் காக்கும் கடமையையும் விதிக்கின்றது. ஆகவே எங்கே, எப்பொழுது, யார் வந்து காணலாம் என்பதை நோயாளியையே முன்னதாகக் கேட்டுப் பதிதல் வேண்டும். மந்தணம் காவாத கணினி மருந்தினும் விரைவில் நஞ்சாகும்.

மாணவ நண்பர்களே, உங்களுட் சிலர் நாளை மருத்துவராவீர். சிலர் கணினி வல்லுநராவீர். மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையின் அழகைக்கொண்டு உங்கள் ஏட்டை மதியாதீர். தவறிய ஒருவரை அது எத்தனை நாளில் மீட்டுத் தந்தது என்று கேளுங்கள். அங்ஙனம் மீட்குமாயின், ஏட்டுச் சுரைக்காயும் கறிக்கு உதவும்.